கேட்டால் ஓடாத வான்

"இன்னொருக்கா திருப்பு" என்றார் பாக்கியரத்தினம்.

முனாப் சாவியைத் திருப்பினான். முன்பலகையில் மூன்று லைற்றுகள் எரிந்தன. இன்ஜினில் அசைவில்லை. பிறகு சைரன் மூன்று தரம் கத்தி நின்றது. வீதியின் மற்றப் பக்கம் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற சிப்பாய் மூன்று தரமும் துப்பாக்கியை உயர்த்தி, மூன்று தரமும் இறக்கினான்.

பாக்கியரத்தினம் வானின் தரையில் மல்லாந்து கிடந்தார். தலை முன்பலகைக்குக் கீழே. கால்கள் கதவுக்கு வெளியே, வெயிலில். கால்களுக்குப் பக்கத்தில் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து நின்றது. அது இருபது நிமிடமாக நகரவில்லை.

வான் முனாப்பினுடையதல்ல. அவன் சாரதி மட்டும். சொந்தக்காரர் கிண்ணியாவிலிருக்கும் அவனுடைய மச்சான் அபூதாஹிர். காலையில் பாதையில், அந்தத் தட்டைப் படகில், வானை ஏற்றிக் கடலைக் கடந்து திருகோணமலைக்கு வந்தவன், உட்துறைமுக வீதியில் கடற்படைக் காவலரண் ஒன்றில் சோதனைக்கு நிறுத்தினான். சோதித்து முடித்துப் போகச் சொன்னபோது வான் ஸ்ராட் எடுக்கவில்லை. சைரன் மட்டும் கத்தியது. காவலரணுக்கு முன்னால் நின்றுகொண்டு கத்துகிற வானை அந்த வருடம், இரண்டாயிரத்து ஏழில், யாரும் பழுதான வான் என்று நினைக்க மாட்டார்கள். சிப்பாய்கள் ஓடி மறைந்தார்கள். முனாப்பை முழங்காலில் இருத்தினார்கள். ஒரு நாயைக் கொண்டுவந்து மோப்பம் பிடிக்க வைத்தார்கள். நாய் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் அவர்கள் முழுதாக நம்பவில்லை. வானைத் தள்ளிப் பார்த்தார்கள், தள்ளியும் எடுக்கவில்லை. உள்ளே இருந்த எல்லாவற்றையும் கழற்றி வீதியோரம் ஒரு படங்கை விரித்துப் பரப்பினார்கள். பிறகு, இந்த அலாரத்தைப் பூட்டியது யார் என்று கேட்டார்கள். முனாப் பெயரைச் சொன்னான். ஜீப் போய்ப் பாக்கியரத்தினத்தை அவருடைய கருவிப் பையோடு ஏற்றி வந்தது. அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சப்பாத்துக்காரர் பெயர் திசேரா. கடற்படையில் பெட்டி ஒபிசர், சின்ன அதிகாரி. சிலாபத்து ஆள், தமிழ் பேசுவார். அவர் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிட்டார். நாலு மணிக்குள் வான் ஓடவேண்டும். ஓடாவிட்டால் வெடிக்கவைக்கிற ஆட்கள் வந்து அதை இங்கேயே வெடிக்கவைப்பார்கள். மற்றது, அவர் கப்பலில் எலக்ட்ரிக் வேலை பார்த்தவர்.

"அதனால மெதுவா செய்யுங்க" என்றார். "எனக்கு விளங்கும்."

வான் ஏன் ஓடவில்லை என்பது பாக்கியரத்தினத்துக்கு ஜீப்பிலிருந்து இறங்கிய கணத்திலேயே தெரிந்துவிட்டது. படங்கில் உதிரி ரயர், கால்மிதிகள், முன் சீற், முதலுதவிப் பெட்டி, காற்றடிக்கும் பம்ப் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. அந்த வரிசையின் கடைசியில், துடைத்து வைத்தது போல, ஒரு சாம்பல் தட்டு.

முன்பலகையில் அது இருக்கவேண்டிய ஓட்டைக்குள், பின்சுவரில், ஒரு கடலை அளவில் ஒரு சுவிச் இருந்தது. தட்டை முழுதாக உள்ளே தள்ளினால் சுவிச் அமுங்கும், வான் ஓடும். தட்டைக் கொஞ்சம் இழுத்தால் ஸ்ராட்டருக்குப் போகிற வழியும் டீசல் வால்வுக்குப் போகிற வழியும் அறுந்துபோகும். சைரன் மூன்று தரம் கத்தும். அலாரத்தின் சிவப்புப் பொட்டு மினுங்கும். பார்ப்பவனுக்கு அது அலாரப் பழுது. காலையில் சோதித்த சிப்பாய் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தட்டை இழுத்துவிட்டுச் சரியாக மூடாமல் விட்டிருக்கிறான். அவ்வளவுதான்.

தட்டை எடுத்து உள்ளே தள்ளினால் போதும். திசேராவின் கண்முன்னால் அதைத்தான் செய்ய முடியாது.

பாக்கியரத்தினத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. உப்புவெளியில் பிறந்தவர். கொழும்பில் வாகன எலக்ட்ரிக் வேலை பழகி, எண்பத்து மூன்றுக் கலவரத்தில் ஒரு பையோடு திரும்பி வந்தவர். தொண்ணூறில் ஏழு மாதம் முகாமில் இருந்தார். பிறகு பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டிலொன்றில் தனியாக வேலை செய்தார். யாரையும் கூட வைத்துக்கொள்ளவில்லை. தான் இப்போது பொருத்திய வயரையும் சோதனைப் பல்பைத் தொட்டுப் பார்க்காமல் மூட மாட்டார். வாகனக்காரரோடு இன்னொருவர் வந்தால், அவர் தேத்தண்ணி குடிக்கப் போகும்வரை வாகனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். மனைவி தங்கரத்தினம் இதைச் சொல்லிச் சிரிப்பாள். அலுமாரிச் சாவியைத் தன்னிடம் தருவதற்கு அவருக்குப் பதினாலு வருடம் பிடித்தது என்பாள்.

இந்த விசேஷமான வேலை தொண்ணூற்றேழில் தொடங்கியது. கிளிவெட்டியில் குலசிங்கம் என்ற ஒருவரிடம் ஒரு வான் இருந்தது. ஒரு பின்னேரம் இரண்டு பேர் வந்து வானைக் கேட்டார்கள். கொடுக்காமல் இருக்கிற விதமாக அவர்கள் கேட்கவில்லை. நாலு நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள், நன்றாகக் கழுவி. அந்தக் கழுவல்தான் வினையானது. அடுத்த கிழமை வேறு ஆட்கள் வந்தார்கள். வான் எங்கே போனது, யார் கொண்டு போனது, ஏன் கழுவியது என்று கேட்டார்கள். குலசிங்கம் பதினொரு கிழமை உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் முதலில் வந்தது பாக்கியரத்தினத்தின் கொட்டிலுக்குத்தான்.

"எனக்கு வான் ஓடவேணும்" என்றார். "கேட்டு வாற ஆக்களுக்கு ஓடக்கூடாது. ஏலுமோ?"

ஏலும் என்று பாக்கியரத்தினம் சொன்னார். மூன்று நாள் யோசித்தார். பற்றரி வயரைக் கழற்றி வைத்தால் வருகிறவர்கள் கண்டுபிடிப்பார்கள். ஸ்ராட்டரை மட்டும் நிறுத்தினால் தள்ளி எடுப்பார்கள். கடையில் வாங்கிப் பூட்டுகிற அலாரம்தான் சரி. அது பழுதாவது எல்லாருக்கும் தெரியும். ரிமோட் பிடிக்கவில்லை, சைரன் நிற்கவில்லை என்று ஊரில் எல்லாரும் முறைப்பட்டவர்கள்தான். அந்தப் பழுதை அவர் செய்து கொடுத்தார். வேண்டியபோது வரும், வேண்டாதபோது போகும்.

எங்கே ஒளிப்பது என்பதை வானைப் பார்த்து அவர் முடிவு செய்வதில்லை. சொந்தக்காரரைப் பார்ப்பார். கொட்டிலில் இருத்திக் கதை கொடுத்து, பயம் வந்தால் இந்த மனிசனின் கை எங்கே போகிறது என்று பார்ப்பார். ஒருவர் வெயில் மறைப்பை மடக்குவார். ஒருவர் கண்ணாடியைத் திருப்புவார். அபூதாஹிர் சிகரட் பற்றவைப்பார். யாராவது வந்து வானைக் கேட்டால் அவர் சிகரட் எடுப்பது இயற்கை. தட்டை இழுப்பதும் இயற்கை. கேட்டு வந்தவனையே சாவியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். இரண்டு தரம் அப்படி நடந்தது. இரண்டு தரமும் வந்தவர்கள் அலாரத்தைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

அவரிடம் ஒரே ஒரு விதி இருந்தது. இடத்தைச் சொந்தக்காரருக்கு மட்டும், ஒரு தரம், வாயால் சொல்வார். சாரதிக்குச் சொல்லக்கூடாது, மனைவிக்குச் சொல்லக்கூடாது. முனாப் சிகரட் குடிக்காதவன். இரண்டு வருடமாக அந்தத் தட்டைத் தொடாமலேயே வானை ஓட்டினான்.

இப்படி முப்பத்தொரு வான்கள். கிண்ணியாவில், மூதூரில், ஈச்சிலம்பற்றில், பட்டினத்தில். ஒன்று வெளியே வந்தால் எல்லாம் வெளியே வரும். இந்த வான் யாருக்கு ஓடவில்லை, எப்போது ஓடவில்லை என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். எல்லாப் பக்கத்தாரும் கேட்பார்கள். முதலில் கேட்கப்படப்போவது தான்தான் என்று முன்பலகைக்குக் கீழே கிடந்த பாக்கியரத்தினத்துக்குத் தெரியும்.

முனாப் சீற் இல்லாத இடத்தில் குந்திக்கொண்டு குனிந்தான். குரலைத் தாழ்த்தி, மச்சான் இதுக்குள்ள எதையாவது வச்சிருக்கிறாரா என்று கேட்டான். தனக்குச் சொல்லாமல் எதையோ வைத்திருக்கிறார் என்று அவனுக்குக் கொஞ்ச நாளாகவே ஐயம். வீட்டிலும் ஏதோ கதை நடக்கிறது. தான் உள்ளே போனால் நின்றுவிடுகிறது என்றான். பாக்கியரத்தினம் பல்லுக்கிடையில் பிடித்திருந்த ஸ்க்ரூவை எடுக்காமல், வாயை மூடு என்று கண்ணால் காட்டினார்.

சப்பாத்து நகர்ந்தது. திசேரா மற்றக் கதவால் தலையை நீட்டினார். கையில் ஒரு டோர்ச். சாம்பல் தட்டு இருந்த ஓட்டைக்குள் வெளிச்சத்தை அடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன சுவிச்?"

"தட்டுக்கு உள்லைற் சேர்" என்றார் பாக்கியரத்தினம். "இழுத்தா எரியும். இதிலை பல்ப் போயிட்டுது."

"ராவுல சிகரட் குடிக்கிறவங்களுக்கா?"

"ஓம் சேர்."

"சாரதி சிகரட் குடிக்கிறதா?"

முனாப் இல்லையென்றான். உண்மையைத்தான் சொன்னான். அப்போது அது உதவவில்லை. வான்காரர் குடிப்பார் என்று பாக்கியரத்தினம் சேர்த்தார். திசேரா டோர்ச்சை அணைத்தார். அவர் நம்பினாரா என்பதை முகத்திலிருந்து அறிய முடியவில்லை. அவர் படங்கடிக்குப் போய்ச் சாம்பல் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு அதைக் கீழே வைக்கவேயில்லை. பேசும்போது அதன் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

நேரம் மூன்றேகால். திசேரா ஒரு வழி சொன்னார். கப்பலில் இப்படித்தான் செய்வோம் என்றார். சோதனைக்கு வரும்போது வான் ஓடியது. சோதித்த பிறகு ஓடவில்லை. அப்படியென்றால் சோதித்தபோது கை வைத்த ஏதோ ஒன்றில்தான் பிழை. படங்கில் கிடப்பதை ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்போம். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்புவோம். எதை வைத்ததும் எடுக்கிறதோ அதுதான்.

அது சரியான வழி. பாக்கியரத்தினமும் அப்படித்தான் செய்திருப்பார். தட்டு உள்ளே போனதும் வான் எடுத்துவிடும்.

உதிரி ரயரை முதலில் வைத்தார்கள். முனாப் சாவியைத் திருப்பினான். சைரன். பம்பை வைத்தார்கள். சைரன். சிப்பாய் துப்பாக்கியை உயர்த்துவதை நிறுத்திவிட்டான். காவலரண் பக்கத்தில் இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். முதலுதவிப் பெட்டி. கால்மிதி. இனி இரண்டு பொருள்கள்தான் மீதி. முன் சீற்றும், திசேராவின் கையில் இருந்ததும்.

அந்த மொடல் வானில் பற்றரி முன் சீற்றுக்குக் கீழே. சோதித்தவர்கள் சீற்றைத் தூக்கியபோது பற்றரியையும் அசைத்திருப்பார்கள். பாக்கியரத்தினம் எழும்பி, சீற்றை வைக்க முதல் பற்றரிக் கம்பியைப் பார்க்கவேண்டும் என்றார். பார்க்கச் சொன்னார் திசேரா. எர்த் கம்பியின் நட்டைப் பாக்கியரத்தினம் கையால் அசைத்துக் காட்டினார். அசைந்தது. அதை அசையக்கூடியதாகச் செய்தது, அதற்கு முதல் நிமிடம், அவருடைய இடது கை.

அதை இறுக்கிவிட்டு மறுபடி முன்பலகைக்குக் கீழே படுத்தார். ஓர் இணைப்பை மட்டும் பார்க்கிறேன் என்றார். சோதனைப் பல்பின் நுனியில் வயரைத் துளைத்துப் பார்ப்பதற்கு ஒரு குண்டூசி கட்டியிருந்தது. சுவிச்சிலிருந்து வருகிற இரண்டு மெல்லிய கறுப்பு வயர்கள் ஒன்றாக ரேப் சுற்றி ஓடின. குண்டூசியை நூலிலிருந்து அறுத்து, இரண்டு வயர்களுக்கும் ஊடாக ஒரேயடியாகக் குத்தினார். குத்திய இடத்தில் ரேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினார். இனி அந்தத் தட்டு திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். சுவிச் எப்போதும் அமுங்கியே இருப்பதாக அலாரம் நினைக்கும்.

ஊசி பெருவிரலிலும் ஏறிவிட்டது. வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு வெளியே வந்தார்.

சீற்றை வைத்தார்கள். முனாப் சாவியைத் திருப்பினான். இன்ஜின் பிடித்தது. கறுப்புப் புகை வந்தது. காவலரணில் நின்றவர்களில் ஒருவன் கை தட்டினான்.

"எர்த்" என்றார் பாக்கியரத்தினம்.

திசேரா முனாப்பை இறங்கச் சொன்னார். தான் ஏறிச் சாரதி சீற்றில் இருந்து இன்ஜினை நிறுத்தினார். சாம்பல் தட்டை ஓட்டைக்குள் தள்ளினார். சாவியைத் திருப்பினார். எடுத்தது. நிறுத்தினார். தட்டைப் பாதி இழுத்தார். திருப்பினார். எடுத்தது. நிறுத்தினார். தட்டை முழுதாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திருப்பினார். எடுத்தது. இன்ஜின் ஓட, கண்ணாடிக்கு ஊடாகப் பாக்கியரத்தினத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் இருந்தார்.

இறங்கும்போது தட்டைத் தன் கையால் இடத்தில் வைத்தார்.

"நல்ல வேலைக்காரன்" என்றார். அடையாள அட்டையைக் கொடுத்தார்.

நாலு மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது.

முனாப் அவரைக் கொட்டிலில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். வாடிக்கையாளரின் வாகனத்தில் ஏறுவதில்லை என்பது பாக்கியரத்தினத்தின் வழக்கம். அன்று ஏறினார். வழி முழுக்க முனாப் பேசினான். நாய் தன்னை மோந்த விதத்தைப் பேசினான். பஸ் நிலையத்தடித் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, அங்கிருந்த ஐந்தாறு பேருக்கு அதை முதலிலிருந்து மறுபடி சொன்னான். பாக்கியண்ணன் இல்லாட்டி வான் இப்ப ஆகாசத்திலை என்றான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேரைப் பாக்கியரத்தினத்துக்குத் தெரியாது. ஒருவன் அலாரத்தைப் பற்றிக் கேட்டான். எந்த அலாரம், எங்கே வாங்கியது என்று.

அவனுக்கு அலாரம் வேண்டியிருந்திருக்கலாம்.

பாக்கியரத்தினம் முனாப்பை வெளியே கூப்பிட்டார். அபூதாஹிருக்குச் செய்தி சொல்லியாகவேண்டும். இனி அந்தத் தட்டு வேலை செய்யாது. ஊசியைக் கழற்றும்வரை அவர் சிகரட்டை நம்பி யாரிடமும் போய் நிற்கக்கூடாது. தொலைபேசி இரண்டு நாளாக இல்லை. சொல்லி அனுப்ப முனாப் ஒருவன்தான் இருந்தான். பாக்கியரத்தினம் அவன் வாயைப் பார்த்தார். அது இன்னும் கடைப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் காலமை நான் அங்கை வாறன் எண்டு மச்சானிட்டைச் சொல்லு" என்றார்.

"ஏன், என்ன விசயம் பாக்கியண்ணே?"

"அலாரம் பாக்கவேணும்."

"இப்பதானே பாத்தீங்க."

"திரும்பப் பாக்கவேணும்."

முனாப்பின் முகம் மாறியது. தன்னிடம் சொல்லாத ஏதோ இருக்கிறது என்று கொஞ்ச நாளாக நினைத்ததை இப்போது அவன் உறுதிப்படுத்திக்கொண்டான். சரி என்றான். சலாம் சொல்லாமல் வானை எடுத்தான். வான் முதல் திருப்பிலேயே பிடித்தது.

அடுத்த நாள் புதன்கிழமை. பாக்கியரத்தினம் ஏழரை மணிப் பாதையில் கடந்தார். அடையாள அட்டையை இரண்டு இடங்களில் காட்டினார். எட்டேகாலுக்கு அபூதாஹிரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். முற்றத்தில் வான் இல்லை. ஆறே முக்காலுக்கு மூன்று பேர் வந்திருக்கிறார்கள். இரண்டு நாளைக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். யார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அபூதாஹிர் அலாரம் பழுது என்று சொல்லி, சிகரட் பற்றவைத்து, தட்டை இழுத்திருக்கிறார். வேண்டுமென்றால் நீங்களே பாருங்கள் என்று சாவியையும் கொடுத்திருக்கிறார். வான் எடுத்தது. அவர்கள் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அபூதாஹிர் இதை வாசற்கதவில் நின்று சொன்னார். உள்ளே வரச் சொல்லவில்லை. பாக்கியரத்தினம் குண்டூசியைப் பற்றிச் சொன்னார். அபூதாஹிர் முழுவதையும் கேட்டார்.

"இத நேத்து முனாப்பிட்டச் சொல்லல்லயே" என்றார்.

"உங்களிட்டை மட்டும்தான் சொல்றதெண்டு கதை."

"நேவிக்காரனோட ரெண்டு மணித்தியாலம் நிண்டீங்களாம்."

பாக்கியரத்தினம் ஓம் என்றார். அபூதாஹிர் கதவைச் சாத்தினார். குசினி யன்னலில் அவர் மனைவி ஸுல்பிகா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாக்கியரத்தினம் பத்தரை மணிப் பாதையில் திரும்பினார். பன்னிரண்டுக்குக் கொட்டிலைத் திறந்தார். பின்னேரம் ஒரு லொறிக்குச் சிக்னல் லைற் பார்த்தார். ஐந்து மணிக்குப் பூட்டினார். அபூதாஹிரின் வான் திரும்பி வந்ததாக அன்று செய்தி வரவில்லை.